துகில்: கொடுத்த கையும் பறித்த கையும்

"செம அறுவைடா மச்சி." வகுப்பு முடிந்து வெளியே வரும்போது நாங்கள் இதைச் சொல்லாத நாளே கிடையாது (காஸ்ட் அக்கவுண்டிங் இருக்கும் நாளில் இரண்டு தடவை). அந்த அறுவைக்கு ஒரு காலத்தில் வேறு அர்த்தம் இருந்தது. அரசன் ஒரு கலைஞனைப் பாராட்டிக் கொடுக்கும் மெல்லிய உயர்ந்த துணிக்குத்தான் அறுவை என்று பெயர். தறியிலிருந்து அறுத்து எடுப்பதால் அறுவை. துணிக்கப்படுவதால் துணி. துண்டாக்கினால் துண்டு. கூறு போட்டால் கூறை. நம் முன்னோர் துணிக்குப் பெயர் வைக்கும்போது கையில் கத்தரியோடுதான் உட்கார்ந்திருப்பார்கள் போலிருக்கிறது.

இந்தச் சொற்களில் சில பிழைத்துக்கொண்டன. துணியும் துண்டும் தினமும் வாயில் வருகின்றன. கூறை கல்யாணப் புடவையில் ஒட்டிக்கொண்டது. அறுவை ஆஸ்பத்திரிக்கும் மொக்கை ஜோக்குக்கும் போய்விட்டது. கலிங்கம் என்றால் இப்போது ஒடிசாவும் அசோகரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள், துணி வருவதில்லை. மிச்சமிருப்பது துகில். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. இருக்கும் சொற்களிலேயே மென்மையான இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி கொஞ்சம் வருத்தமானது.

முதலில் அந்தத் துணி எவ்வளவு மெல்லிசு என்று பார்ப்போம். பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மற்ற நான்கு ஆற்றுப்படைகளிலும் பாணனோ பொருநனோ கூத்தனோ அரசனிடம் துணி வாங்குகிறான். நான்கு புலவர்களும் ஒரே பிரச்சனையில் மாட்டிக்கொள்கிறார்கள்: கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்றை எப்படி வர்ணிப்பது? பொருநராற்றுப்படைக்காரர் பாம்பு உரித்துப் போட்ட சட்டையைக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படைக்காரர் மூங்கிலை உரித்தால் வரும் சவ்வைக் காட்டுகிறார். மலைபடுகடாம் எழுதியவர் இழை எங்கே ஓடுகிறது என்றே தெரியாது என்று கையை விரித்துவிடுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் வருவது எல்லாவற்றையும் தாண்டிய உவமை: ஆவி! அடுப்பில் சோறு கொதிக்கும்போது மேலே எழும்புமே, அது. அதைக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, எங்கள் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஒருவர்கூட 'இன்ன ஊர்த் துணியைப் போல' என்று இன்னொரு துணியோடு ஒப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். துணியிலேயே அதற்கு மேல் போக இடமில்லாதபோதுதான் பாம்பையும் மூங்கிலையும் தேடிப் போவார்கள்.

பொருநராற்றுப்படையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. புதுத்துணி கொடுக்கப்படுவதற்கு முன்னால் பொருநன் உடுத்தியிருந்தது என்ன? ஈரும் பேனும் குடியிருக்கும், வியர்வையில் ஊறிய, வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். கரிகாலன் அதைக் களையச் செய்து, பாம்புச் சட்டை போன்ற அறுவையைக் கொடுக்கிறான். வர்ணனையின் பலமே அந்தக் கந்தலில்தான் இருக்கிறது. பேனோடு இருந்தவன் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாத துணியை உடுத்துகிறான். நடுவே ஒரு அரசனின் கை. இந்தக் கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

சரி, துகில். தமிழ்ப் பேரகராதியைப் பார்த்தால் வடமொழி துகூலத்தோடு அதைத் தொடர்புபடுத்தியிருப்பார்கள். அர்த்தசாஸ்திரத்தில் வங்க நாட்டுத் துகூலம் வெள்ளையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும் என்று வருகிறது. யாரிடமிருந்து யார் கடன் வாங்கினார்கள் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சொல் இங்கே வந்தபின் என்ன ஆனது என்பதுதான் சுவாரசியம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் இரவில் பட்டை அவிழ்த்து வைத்துவிட்டுத் துகிலுக்கு மாறுகிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உரையாசிரியர் யாரும் தேவைப்படவில்லை. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள எந்த வீட்டிலும் கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும் பெண்கள் வாசல்படி தாண்டியதும் செய்கிற முதல் காரியம் அதுதானே. "அப்பாடா" என்று பட்டை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, துவைத்துத் துவைத்து மெல்லிசாகிப்போன ஒரு பருத்திப் புடவை. ஆக, பட்டு ஊருக்கு, துகில் உடம்புக்கு. இரண்டும் ஒன்றல்ல என்று பட்டினப்பாலைக்காரருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

துகில் புடவையோடு நிற்கவில்லை. கொடிமரத்தில் பறந்தால் துகிற்கொடி. ஓவியனின் தூரிகைக்குத் துகிலிகை என்று ஒரு பெயர். பிற்காலத்தில் பொருள் விரிந்துகொண்டே போய், நல்ல துணி எல்லாமே துகில் ஆகிவிட்டது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் துகில் வகைகள் என்று முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியல் போடுகிறார். கோசிகம், பீதகம், சித்திரக்கம்மி, தேவகிரி என்று ஏதோ ஜவுளிக்கடை ஸ்டாக் ரெஜிஸ்டர் போல இருக்கும். அதற்கு நடுவே நுண்டுகில் என்று ஒன்று. அதாவது நுண்ணிய துகில். துகில் என்றாலே நுண்ணியதுதானே, அப்புறம் எதற்கு 'நுண்' என்று தனியாக? வணிகவியல் மாணவனுக்கு இது உடனே புரியும். இது சொல்லின் பணவீக்கம். நோட்டை அதிகமாக அடித்தால் மதிப்பு இறங்குவது போல, எல்லாத் துணியையும் துகில் என்று அழைத்ததில் அந்தச் சொல்லின் மதிப்பு இறங்கி, பழைய பொருளைச் சொல்ல முன்னால் ஒரு அடைமொழி வேண்டியதாகிவிட்டது.

இந்த மெல்லிசுக்குக் கப்பல் ஏறும் விலை இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பெரிப்ளஸ்' என்ற கிரேக்க வணிகக் கையேடு, அர்கரு என்ற ஊரின் பெயரிலேயே விற்ற மஸ்லினைக் குறிப்பிடுகிறது. அர்கரு என்றால் உறையூர் என்பது அறிஞர்கள் பெரும்பாலோர் முடிவு. அந்தப் பக்கம் ரோமில், உடம்பையும் மறைக்காத மானத்தையும் மறைக்காத இதெல்லாம் ஒரு துணியா என்கிற தொனியில் செனகா எரிச்சல்பட்டிருக்கிறார் (அவர் திட்டியது பட்டுத்துணியை, ஆனால் புகார் மெல்லிசைப் பற்றித்தான்). பிளினி நேராகக் கணக்குக்கே வந்துவிட்டார். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசைக் கொண்டுபோகிறது என்று எழுதிவைத்தார். வர்த்தகப் பற்றாக்குறை என்ற வார்த்தை வருவதற்கு முன்பே அதற்கு அழுதவர் அவர்.

மெல்லிசை எப்படி அளப்பது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பருத்தி நூலுக்கு கவுண்ட் என்று ஒரு கணக்கு உண்டு. 840 கெஜம், அதாவது சுமார் 768 மீட்டர் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு (454 கிராம்) எடையில் எத்தனை சிட்டம் வருகிறதோ அதுதான் கவுண்ட். 40 கவுண்ட் நூல் என்றால் ஒரு பவுண்டில் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 100 கவுண்ட் என்றால் ஏறக்குறைய 77 கிலோமீட்டர். அரைக்கிலோவுக்கும் குறைவான பருத்தியை நூலாக்கி காஞ்சிபுரத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு நடந்தால் சென்னைக்கே போய்விடலாம். எண் ஏற ஏற நூல் மெலியும். பட்டுக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்பது டெனியர். அங்கே எண் ஏற ஏற இழை தடிக்கும். ஒன்று எடைக்கு எத்தனை நீளம் என்று கேட்கிறது, இன்னொன்று நீளத்துக்கு எத்தனை எடை என்று கேட்கிறது. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில்தான் துகிலின் கதை முழுவதும் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நம் கடற்கரையில் துணி வாங்கும்போது புஞ்சம் என்று எண்ணினான். 120 பாவு இழை ஒரு புஞ்சம். அகலம் அதேதான், புஞ்சம் மட்டும் கூடுகிறது என்றால் இழைகள் மெலிந்து நெருங்கி நிற்கின்றன என்று அர்த்தம், விலையும் கூடும். அவனுக்கும் தராசு இரண்டாம்பட்சம்தான்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்றால் வைணவர்களுக்குச் சட்டென்று தெரியும். (அவரே ஒரு துணிக்கதையின் நாயகர்தான். சோழனின் ஆட்கள் தேடி வந்தபோது ராமானுஜரின் காவியை ஆழ்வான் உடுத்திக்கொண்டு அரசவைக்குப் போனார் என்றும், ராமானுஜர் ஆழ்வானின் வெள்ளையை உடுத்திக்கொண்டு தப்பினார் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. ஆழ்வானுக்குக் கண்கள் போயின.) வரலாறு படிப்பவர்களுக்குக் கூரம் என்றால் செப்பேடு. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. அவன் இங்கே வித்யாவிநீத பல்லவ பரமேசுவர கிருகம் என்று ஒரு சிவன் கோயில் கட்டினான். கல்லை அடுக்கிக் கட்டிய கோயில்களில் தமிழகத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. தூங்கானை மாட வடிவம், இன்று மேற்கட்டுமானம் இல்லை.

அந்தச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் ஒரு துணி வருகிறது. நாம் தேடும் துகில் இல்லை, அதற்கு நேர் எதிர்முனை. பல லட்சம் பேர் கொண்ட படையோடு வந்த சாளுக்கிய விக்கிரமாதித்தனை, ஒரு கந்தலைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பரமேசுவரவர்மன் ஓடவைத்தான் என்கிறது அது. படை போச்சு, யானை போச்சு, குடை போச்சு, மிச்சம் ஒரு கந்தல். எழுதியவர் வாள் எண்ணிக்கையையோ பிணக்கணக்கையோ சொல்லி வெற்றியை விளக்கவில்லை. துணியைச் சொன்னார். அது போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. இதே விக்கிரமாதித்தனின் கட்வால் செப்பேடு (கி.பி. 674), அவன் காவிரித் தென்கரையில் உரகபுரத்தில் பாளையம் இறங்கியிருந்ததாகவும் காஞ்சியைப் பிடித்ததாகவும் பெருமையடிக்கிறது. உரகபுரம் உறையூர்தான் என்பது பல வரலாற்று ஆசிரியர்களின் கருத்து. அப்படியென்றால், ரோமாபுரிக்கு மஸ்லின் அனுப்பிய ஊரில் முகாம் போட்டவன், பல்லவன் கணக்குப்படி, கந்தலோடு ஊர் திரும்பியிருக்கிறான். இரண்டு கம்பெனியும் ஒரே வியாபாரத்தில் தனக்குத்தான் லாபம் என்று பேலன்ஸ் ஷீட் போட்டிருப்பதால் ஆடிட்டர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். நமக்கு வேண்டியது யார் ஜெயித்தார்கள் என்பதல்ல. கரிகாலன் பொருநனின் கந்தலை நீக்கி மெல்லிய துணி கொடுத்தான். பரமேசுவரவர்மன் ஓர் அரசனைக் கந்தலுக்குக் கொண்டுவந்தான். அந்தக் கை இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

கூரம் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி தானக் கணக்கு. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்திருக்கிறார்கள். இருபது பங்கு நான்மறையாளர்களுக்கு, மூன்று பங்கு பூசைக்கும் கோயில் பழுது பார்ப்பதற்கும், ஒரு பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் தருவதற்கு. கடைசி ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்கிறவருக்கு! நூற்றுக்கு நான்கு. 1300 வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் மகாபாரதம் படிக்க ஒரு போஸ்டிங் இருந்திருக்கிறது, நிரந்தர வருமானத்தோடு.

பாரதம் வாசித்தார்கள் என்றால் சூதாட்ட மண்டபத்தையும் வாசித்திருப்பார்கள். கூரத்து ஜனங்கள் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து, ஒற்றைத் துணியோடு சபைக்கு இழுத்துவரப்பட்ட ஒரு பெண்ணின் கதையைக் கேட்டிருக்கத்தான் வேண்டும். தமிழில் அந்தக் காட்சிக்கு நிலைத்துவிட்ட பெயர் துகிலுரிதல். நம் சொல் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி என்று இந்தப் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் இன்றும் நடக்கின்றன. மண்ணில் படுத்துக் கிடக்கும் பெரிய துரியோதனன் உருவத்தோடு படுகளத்தில் விழா முடியும். கூரம் செப்பேட்டின் அந்த ஒரு பங்கு வேறு உருவத்தில் தொடர்கிறது என்றே எனக்குத் தோன்றும். நடுராத்திரிக்கு மேல் சூது துகிலுரிதல் வரும்போது, அதுவரை பாயில் தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மேடையில் பாஞ்சாலியாக நிற்பது பெரும்பாலும் ஆண்தான். ஆனாலும் யாரும் சிரிப்பதில்லை. பாரதியும் பாஞ்சாலி சபதத்தில் (முதல் பாகம் 1912) ஒரு சருக்கத்துக்கு துகிலுரிதற் சருக்கம் என்றே பெயர் வைத்தார். அதன்பின் மேடைப்பேச்சும் பத்திரிகையும் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. ஊழலைத் துகிலுரித்துக் காட்டினார், எதிர்க்கட்சியின் முகமூடியைத் துகிலுரித்தார் (முகமூடியை எப்படித் துகிலுரிப்பது என்று கேட்காதீர்கள்).

யோசித்துப் பாருங்கள். இன்று யாராவது "துகில் வாங்கினேன்", "துகில் உடுத்தினேன்", "துகில் நெய்தேன்" என்று சொல்கிறார்களா? பேச்சில் அந்தச் சொல்லுக்கு மிச்சமிருக்கும் ஒரே வினைச்சொல் உரி. நெய்யவும் உடுத்தவும் கொடுக்கவும் பயன்பட்ட சொல், பறிப்பதற்கு மட்டும் என்றாகிவிட்டது. மெல்லிய துணிக்கு நமக்கு வேறு வார்த்தைகள் வேண்டியிருந்தன. பாட்டி 'சல்லாத் துணி' என்பாள், அதில் பாதி இளக்காரம் இருக்கும். கடைக்காரர் 'நைஸ்' என்பார். மெல்லிசாக இருப்பது இப்போது பாராட்டு இல்லை, சந்தேகம். "என்னங்க, இவ்வளவு மெல்லிசா இருக்கு, நாலு சலவை தாங்குமா?"

சொல் மட்டும் தேயவில்லை, சரக்கும் தேய்ந்தது. 1779-இல் இங்கிலாந்தில் சாமுவேல் கிராம்ப்டன் ம்யூல் என்ற நூற்பு இயந்திரத்தைச் செய்தார். அவர் குறியே நம்மூர் மஸ்லினுக்கு நிகரான மெல்லிய நூல்தான். அடுத்த தலைமுறைக்குள் கையால் நூற்ற நுண்ணிய நூல் விலையில் தோற்றது. தறி மிஞ்சியது, ராட்டை மிஞ்சவில்லை. நெசவாளி இறக்குமதி நூலை வாங்கி நெய்தான்.

எங்கள் காஞ்சி பட்டு வழியாகப் பிழைத்தது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. உடலையும் கரையையும் வேறு வேறு நாடாவால் கோர்வை போட்டு நெய்யும் வேலையில் இன்னொருவர் கூட இருந்து நாடா கொடுக்கவேண்டும். அந்தக் கைத்திறனை நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கடையில் அதை விற்கும் மொழியைக் கேளுங்கள்: "எத்தனை கிராம் ஜரிகை?" "கையில தூக்கிப் பாருங்கம்மா, என்ன கனம்!" வெள்ளி விலை ஏறினால் புடவை விலை ஏறும். வாங்குகிறவர் பாதிக்கு மேல் உலோகத்துக்கும் எடைக்கும்தான் மதிப்புப் போடுகிறார், பழசானால் ஜரிகையை உருக்கிக்கூட விற்கலாம் என்ற கணக்கோடு. ஆவியைக் கொடுத்த திரையனின் ஊரில் இன்று தராசு வைத்துப் புடவை பேசுகிறோம். எடைக்கு எத்தனை நீளம் என்ற கேள்வி போய், நீளத்துக்கு எத்தனை எடை என்ற கேள்வி வந்துவிட்டது. பரம்பரை பரம்பரையாகக் கனம்தான் நம் ரசனை என்று யாராவது சொன்னால், பெரும்பாணாற்றுப்படையை அவர் கையில் கொடுங்கள்.

அந்தப் பழைய கேள்வியைக் கேட்கிறவர்கள் எங்குமே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் பொந்தூரு என்று ஓர் ஊர். அங்கே பெண்கள் ஒரு மீனின் தாடை எலும்பைச் சீப்பாக வைத்துப் பருத்தியைச் சீவி, 100 கவுண்ட் வரை கையாலேயே நூற்கிறார்கள். அந்தப் பகுதி பழைய கலிங்க தேசம். கலிங்கம் என்று நாம் துணிக்குப் பெயர் வைத்தது அந்தத் தேசத்தின் பெயரைத்தான்!

கொடுக்கும் கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது நின்றுபோகவில்லை. ஒன்று, பொன்னாடை. எந்த விழாவுக்குப் போனாலும் பளபளவென்று ஒன்றைத் தோளில் போர்த்திவிடுகிறார்கள். அதில் பொன்னும் இல்லை, அதை ஆடையாக யாரும் உடுத்துவதும் இல்லை, அடுத்த விழாவில் அடுத்தவர் தோளுக்குப் போகும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1983-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஆரம்பித்த இலவச வேட்டி சேலைத் திட்டம். ஒவ்வொரு பொங்கலுக்கும் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு, ரேஷன் கடை வழியாக. நெசவாளிகளுக்கு வேலை, ஏழைகளுக்குத் துணி என்பதுதான் திட்டத்தின் கணக்கு. கரிகாலன் கொடுத்தது பாட்டுப் பாடிய ஒருத்தனுக்கு, இது கார்டு இருக்கும் எல்லோருக்கும். அந்தச் சேலையைப் பாம்புச் சட்டை என்றோ ஆவி என்றோ எந்தப் புலவரும் பாடமாட்டார். கவுண்ட் பார்த்து யாரும் வாங்குவதில்லை. பொங்கல் முடிந்த வாரத்தில் எங்கள் தெருவில் கொடிக்குக் கொடி ஒரே மாதிரிச் சேலை காயும், அதைத் தாண்டி கல்யாணப் பட்டு ஒன்று நிழலில் தனியாக உலர்ந்துகொண்டிருக்கும்.